கல்விச் சுற்றுலாவில் விபத்து நடந்தால் பொறுப்பு யாருக்கு? புறப்படும் முன் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி இதுதான். கோலாலம்பூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர் ஒருவர், 38 மாணவர்களோடு இரண்டு நாள் கல்விச் சுற்றுலா போகிறார். வெள்ளி நள்ளிரவில் பஸ் புறப்படும். சனிக்கிழமை கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கு, இரவு பினாங்கில் தங்கல். ஞாயிற்றுக்கிழமை தெலுக் பஹாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்கா: காட்டுப் பாதையில் கெராச்சுட் கடற்கரை வரை நடந்துவிட்டு, படகில் திரும்புவதாகத் திட்டம். உடன் இன்னொரு விரிவுரையாளர் மட்டும் வருகிறார். "எல்லாரிடமும் இண்டெம்னிட்டி பாரத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள், அப்புறம் பிரச்சினை இல்லை" என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையா, ஏதாவது நடந்தால் தன் மேல் வழக்கு வருமா, வேறு என்ன ஏற்பாடு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மாணவர்களில் இரண்டு பேர் அடித்தளப் படிப்பில் இருப்பவர்கள், 17 வயது. இன்னும் சிலர் சொந்தக் காரில் பின்னால் வருகிறோம் என்கிறார்களாம்.

நான் பல்கலைக்கழகம் ஒன்றின் பாதுகாப்பு, சுகாதாரப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்தவன். வழக்கறிஞர் அல்ல. சட்டத்தைப் பற்றி இங்கே சொல்வது உங்கள் பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவோடு பேசும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக.

முதலில் இண்டெம்னிட்டி பாரம், அதாவது எது நடந்தாலும் பல்கலைக்கழகத்தைப் பொறுப்பாக்க மாட்டேன் என்று எழுதித் தரும் பாரம். அது உங்களைக் காப்பாற்றாது. 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, ஒருவர் தன் உரிமைக்காக நீதிமன்றம் போவதை முழுவதுமாகத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஒரு வங்கிக் கடன் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் இதே பிரிவைக் கொண்டு, "எந்த நிலையிலும் எங்கள் மேல் இழப்பீடு கோர முடியாது" என்ற வகையிலான நிபந்தனையைச் செல்லாது என்று தள்ளியது. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட பகுதியும், கவனக்குறைவுக்கான பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் நிபந்தனையை நியாயமற்றது என்று ஒதுக்க இடம் தருகிறது. 17 வயது மாணவர்களுக்கு வருவோம். 1971 வயதுச் சட்டப்படி 18 நிறைந்தால்தான் ஒருவர் மேஜர். அந்த இருவருக்கும் பெற்றோரின் ஒப்புதல் கட்டாயம் வாங்குங்கள். ஆனால் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டதால் பிள்ளையின் உரிமை போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அப்படியென்றால் பாரத்தைத் தூக்கி எறியலாமா? வேண்டாம், மாற்றி எழுதுங்கள். "எந்த அசம்பாவிதத்துக்கும் பல்கலைக்கழகம் பொறுப்பல்ல" என்ற வரியை எடுத்துவிட்டு, என்னென்ன ஆபத்து உண்டு என்று எழுதுங்கள். காட்டுப் பாதையில் வேர்களும் வழுக்கும் பாறைகளும் இருக்கும், ஏறி இறங்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், கடலில் இறங்கக் கூடாது, ஆற்றில் இறங்கக் கூடாது, மூடிய காலணி இல்லாமல் வந்தால் நடையில் சேர்க்க மாட்டோம். இதைப் படித்துப் புரிந்துகொண்டேன் என்று மாணவர் கையெழுத்துப் போட்டால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு உண்டு. சொல்லியும் கேட்காமல் ஒருவர் கடலில் இறங்கினார் என்றால், 1956 சிவில் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி அவர் பங்குக்கு ஏற்ப இழப்பீட்டைக் குறைக்க நீதிமன்றத்தால் முடியும். அதைவிட முக்கியம், படித்த பிறகு பாதிப் பேர் சரியான காலணியோடு வருவார்கள்.

நீதிமன்றம் என்ன பார்க்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே இரண்டு பழைய பள்ளி வழக்குகள் உண்டு. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1977இல் முடிந்த ஒன்றில், வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவனைப் பக்கத்தில் இருந்தவன் குண்டூசியால் குத்த, இவன் சட்டென்று திரும்ப, அவன் கையில் இருந்த பென்சில் கண்ணில் பட்டுவிட்டது. ஆசிரியை வகுப்பில்தான் இருந்தார். கூட்டரசு நீதிமன்றம் அவர் மேல் தவறில்லை என்றது. கண்காணிப்பு இன்னும் நெருக்கமாக இருந்திருந்தாலும் அந்தக் கணநேர நிகழ்வைத் தடுத்திருக்க முடியாது. 1981 வழக்கில், தோட்டவேலை வகுப்பில் ஒரு மாணவனின் மண்வெட்டி இன்னொருவன் தலையில் பட்டது. இங்கே அதே கூட்டரசு நீதிமன்றம் பள்ளித் தரப்பைப் பொறுப்பாக்கியது. மண்வெட்டியால் என்ன ஆபத்து என்று போதுமான எச்சரிக்கை தரவில்லை, ஒருவருக்கொருவர் எவ்வளவு இடைவெளி விட்டு நிற்க வேண்டும் என்று பார்க்கவில்லை, கருவிகளின் நிலையைச் சரிபார்க்கவில்லை.

காயம் இரண்டு வழக்கிலும் கொடுமையானதுதான். வித்தியாசம், முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய ஆபத்து எது, அதற்கு என்ன செய்தார்கள் என்பதில் இருக்கிறது. உங்கள் மாணவர்கள் பெரியவர்கள், பள்ளிப் பிள்ளைகள் போல ஒவ்வொரு நிமிடமும் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் எந்த பஸ், எத்தனை மணிக்கு, எந்த ஆறு, எந்தப் படகு என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள். அந்தத் தேர்வுகளுக்குத்தான் பதில் சொல்ல வேண்டி வரும். அதனால்தான் பாதுகாப்பையும் சட்டப் பொறுப்பையும் தனித்தனி வேலையாகப் பார்க்காதீர்கள் என்று எப்போதும் சொல்கிறேன். ஏதாவது ஒரு முடிவை மாற்றிய காகிதம்தான் பின்னாளில் உங்களுக்குத் துணை வரும். எதையும் மாற்றாமல் கோப்பில் தூங்கும் காகிதம் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குத்தான் உதவும்.

1994 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அதன் 17ஆவது பிரிவு, ஊழியர் அல்லாதவர்களும் தன் நடவடிக்கையால் பாதிக்கப்படாமல் முதலாளி பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. மாணவர்கள் இதில்தான் வருகிறார்கள். 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு இதற்கான அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை, இரண்டாண்டு சிறையும் உண்டு. ஆபத்து மதிப்பீடு செய்வதும் இப்போது சட்டக் கடமை. உங்கள் பாதுகாப்புப் பிரிவில் அதற்கான ஹிராக் படிவம் இருக்கும், கேட்டு வாங்குங்கள். ஊழியர் என்ற முறையில் உங்களுக்கும் 24ஆவது பிரிவில் கடமை உண்டு, தண்டனை சிறியது.

உங்கள் மேல் வழக்கு வருமா? வரலாம். வழக்குப் போடுபவர் பொதுவாக விரிவுரையாளர், பல்கலைக்கழகம், பஸ் நிறுவனம் எல்லாரையும் சேர்த்தே போடுவார். வேலையின் பகுதியாகச் செய்ததற்கு முதலாளியும் பொறுப்பு என்பதால் இழப்பீட்டைப் பெரும்பாலும் பல்கலைக்கழகமோ அதன் காப்புறுதியோதான் கட்டும். ஆனால் அந்தப் பயணம் வேலையின் பகுதிதான் என்று காட்ட எழுத்து மூலமான அனுமதி வேண்டும். துறைத் தலைவர் காப்பிக் கடையில் "போயிட்டு வாங்க" என்று சொன்னது போதாது. தேதி, இடங்கள், போக்குவரத்து, நடவடிக்கைகள் எல்லாம் உள்ள விண்ணப்பத்துக்கு அனுமதிக் கடிதம் வாங்குங்கள். அதில் இல்லாத இடத்துக்குப் போகாதீர்கள். திரும்பும் வழியில் மாணவர்கள் "சார், ஒரு அருவி இருக்கு, அரை மணி நேரம்தான்" என்பார்கள். அந்த அரை மணி நேரத்துக்குத்தான் அனுமதியும் இருக்காது, மதிப்பீடும் இருக்காது, சில சமயம் காப்புறுதியும் இருக்காது. உயிரிழப்பு நேர்ந்து கவனக்குறைவு மிக மோசமாக இருந்தால் குற்றவியல் சட்டத்தின் 304ஏ பிரிவும் உண்டு. அது அரிது. அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி பஸ். உங்கள் திட்டத்தில் மிகப் பெரிய ஆபத்து காட்டிலும் கடலிலும் இல்லை, வெள்ளி நள்ளிரவில் இருக்கிறது. 2025 ஜூன் 9ஆம் தேதி அதிகாலையில் கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் நடந்த பஸ் விபத்து எல்லாருக்கும் நினைவிருக்கும். ஜெர்த்தேயிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குத் திரும்பிய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்துபோனார்கள். பின்னர் வந்த விசாரணைகள் பஸ்ஸின் வேகத்தைச் சுட்டின. பெர்மிட் வைத்திருந்த நிறுவனம் அதை வேறு ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்ததும் தெரிய வந்தது. அது களப்பயணம் அல்ல, விடுமுறை முடிந்து திரும்பிய பயணம். ஆனால் பஸ் வாடகைக்கு எடுக்கும் ஒவ்வொரு விரிவுரையாளரும் படித்திருக்க வேண்டிய விபத்து.

ஆகவே நிறுவனத்திடம் விலை மட்டும் கேட்காதீர்கள். பெர்மிட்டின் நகல் கேளுங்கள். பெர்மிட்டில் உள்ள பெயரும் நீங்கள் பணம் கட்டும் நிறுவனத்தின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் புஸ்பாகோம் வாகனத் தகுதிச் சோதனையின் கடைசி அறிக்கை, பஸ்ஸின் பதிவு எண், ஓட்டுநரின் பி.எஸ்.வி. (பொதுச் சேவை வாகன) உரிமம், இவை எல்லாம் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே கையில் இருக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் விரைவு பஸ்களிலும் சுற்றுலா பஸ்களிலும் இருக்கைப் பட்டை அணிவது கட்டாயம், மீறினால் 300 ரிங்கிட் அபராதம். ஆனால் இந்த விதி 2020 ஜனவரிக்குப் பிறகு தயாரான பஸ்களுக்குத்தான். பழைய பஸ் வந்தால் பட்டையே இல்லாமல் இருக்கலாம், அது சட்டப்படி சரியாகவும் இருக்கலாம். எனவே விலைப்பட்டியலிலேயே "எல்லா இருக்கைகளிலும் இருக்கைப் பட்டை" என்று எழுதி வாங்குங்கள். ஏறியதும் எல்லாரும் மாட்டியிருக்கிறார்களா என்று நடந்து பாருங்கள். வளர்ந்த பிள்ளைகள்தான், இருந்தாலும் பாருங்கள்.

ஒருமுறை எங்களுக்கு எழுத்தில் ஒரு பஸ் எண் தந்துவிட்டு, காலையில் வேறு பஸ் வந்து நின்றது. "அது பழுதாயிடுச்சு, இதுவும் அதே மாதிரிதான்" என்றார்கள். இந்த பஸ்ஸுக்கான ஆவணத்தைக் கேட்டோம், வரவில்லை. யாரையும் ஏற்றவில்லை. மாணவர்கள் முணுமுணுத்தார்கள், பயணம் பல மணி நேரம் தாமதமானது. இந்த ஒரு இடத்தில் மட்டும் யார் முகம் சுளித்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நள்ளிரவுப் புறப்பாட்டை மாற்றுங்கள். கோலாலம்பூரிலிருந்து மெர்போக் 350 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாள் தங்கும் செலவை மிச்சம் பிடிக்கத்தான் பலரும் இரவில் கிளம்புகிறார்கள் என்று தெரியும். ஆனால் ஓட்டுநர் அந்த வெள்ளிக்கிழமை பகலில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று உங்களுக்குத் தெரியாது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட்டு நேராக உங்களிடம் வந்திருக்கலாம். சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பி, தாப்பாவிலோ சுங்கை பேராக்கிலோ நிறுத்தி, மதியம் போய்ச் சேருங்கள். நான்கு மணி நேரம் ஓட்டினால் குறைந்தது அரை மணி நேர ஓய்வு என்பது போக்குவரத்துத் துறையின் நடைமுறைக் கோட்பாட்டிலேயே இருக்கிறது. பினாங்கில் ஓட்டுநருக்கும் அறை போடுங்கள். ஓட்டுநர் பாக்சிக் பஸ்ஸிலேயே படுத்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். வியர்வையில் புரண்டு படுத்தவர் கையில்தான் மறுநாள் 38 பிள்ளைகளும் இருப்பார்கள். ஞாயிறு திரும்பும் நேரத்தையும் முன்னால் தள்ளுங்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் புறப்படுவது நம் வழக்கம். வையுங்கள், மனதுக்குத் தெம்பு. குனியும்போது டயரின் தேய்மானத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

பூஜாங் பள்ளத்தாக்கு. கடாரம் என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்த மண்ணில் நம் பிள்ளைகள் நிற்பது பெரிய விஷயம், கட்டாயம் கூட்டிப் போக வேண்டிய இடம். அருங்காட்சியகமும் புக்கிட் பத்து பகாட் சண்டி என்ற பழங்கோயில் சிதைவும் குனோங் ஜெரை மலையடிவாரத்தில், ஆற்றோரம் இருக்கின்றன. வெயிலில் நடந்துவிட்டு வரும் மாணவர்களுக்கு அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் காலை நனைக்கத் தோன்றும். இங்கேதான் கவனம். 2021 ஆகஸ்ட் 18ஆம் தேதி இதே ஜெரை மலையிலிருந்து திடீரென்று இறங்கிய கெபாலா ஆயர் என்ற காட்டாற்று வெள்ளம், உயிர்களைப் பறித்து, யான் பகுதியில் வீடுகளுக்குள் சேறும் மரமுமாகப் புகுந்தது. மலை உச்சியில் மழை கொட்டும்போது அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம், அதுதான் இதன் கொடுமை. தெளிந்த தண்ணீர் கலங்குவது, இலையும் குச்சியும் கூட்டமாக மிதந்து வருவது, மேலேயிருந்து இரைச்சல் கேட்பது, இவற்றில் எது தெரிந்தாலும் பையை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறி உயரமான இடத்துக்குப் போக வேண்டும். உங்கள் பாடத்துக்கு ஆற்றில் இறங்கும் தேவை இல்லை. எனவே "ஆற்றில் இறங்குவது இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள். நீரியல் பாடமாக இருந்து, இறங்கியே ஆக வேண்டும் என்றால் பேச்சு வேறு: மேல்பக்கம் ஒருவர் விசிலோடு காவல் நிற்க வேண்டும், தப்பி ஓடும் பாதையை முதலில் எல்லாரும் ஒருமுறை நடந்து பார்த்திருக்க வேண்டும்.

தேசியப் பூங்காவில் நுழைவு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். அன்று பாதை திறந்திருக்கிறதா என்றும் அங்கேயே சொல்வார்கள். காட்டு விஷயத்தில் அனுமதி என்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. சிலாங்கூரிலோ பேராக்கிலோ நிரந்தர வனக் காப்பகத்துக்குள் அனுமதியின்றிப் போனால் 1984 தேசிய வனச் சட்டப்படி 10,000 ரிங்கிட் வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. அடுத்த முறை முகாம் போடும் எண்ணம் இருந்தால் இடத்தின் உரிமத்தையும் கேளுங்கள். 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலியில் நிலச்சரிவு 31 பேரை விழுங்கியபோது, அந்த இடத்துக்கு முகாம் நடத்தும் உரிமமே இல்லை என்று தெரிந்தது.

கெராச்சுட்டில் நடையை விடக் கடல்தான் என் கவலை. பினாங்கின் கடற்கரைகளில் பெட்டி ஜெல்லிமீன் இருப்பது பதிவாகியிருக்கிறது. கொட்டினால் சில நேரம் உயிருக்கே ஆபத்து. நீச்சல் வேண்டாம், முழங்கால் வரைகூட வேண்டாம். முதலுதவிப் பையில் இரண்டு பாட்டில் வினிகர் வையுங்கள். கொட்டினால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது, வினிகரைத் தாராளமாக ஊற்றிவிட்டு 999ஐ அழைக்க வேண்டும். படகுக்காரரிடம் முதல் நாளே பேசி, தலைக்கு ஒரு உயிர்காப்புச் சட்டை உண்டா, ஒரு படகில் எத்தனை பேர் என்று உறுதி செய்யுங்கள். "ஏறிக்குங்க சார், பக்கம்தான்" என்று கூடுதலாக நாலு பேரை ஏற்றப் பார்ப்பார். பக்கமாக இருந்தாலும் வேண்டாம். கடல் கொந்தளித்தால் படகு வராது. அப்போது நடந்தே திரும்ப நேரமும் தண்ணீரும் இருக்கிறதா என்பதைக் காலையிலேயே கணக்கிட்டு வையுங்கள்.

எந்த நிலையில் நிறுத்துவது என்பதையும் புறப்படும் முன்பே எழுதி வையுங்கள், அங்கே போய் யோசிக்கலாம் என்று விடாதீர்கள். இடி கேட்டால் நடையைத் தொடங்க மாட்டோம். பிற்பகல் இடிமழை நம் மேற்குக் கரையில் சாதாரணம் என்பதால் காலை எட்டரைக்குள் காட்டுக்குள் போய்விட வேண்டும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பள்ளிகளே வெளிப்புற நடவடிக்கையை நிறுத்துகின்றன, நாமும் நிறுத்துவோம். வானிலை ஆய்வு மையம் அந்த மாவட்டத்துக்கு இரண்டாம் நிலை வெப்ப எச்சரிக்கை விட்டிருந்தால், அதாவது 37 டிகிரியைத் தாண்டிய வெயில் தொடர்ந்தால், நடை இல்லை. இவ்வளவுதான், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

ஏன் முன்பே எழுத வேண்டும் என்றால், அங்கே நிற்கும்போது முடிவெடுப்பது அறிவு மட்டும் அல்ல, கட்டிய முன்பணமும் சேர்ந்துதான். பஸ்ஸுக்குக் கட்டியாயிற்று, ஹோட்டலுக்குக் கட்டியாயிற்று, மாணவர்கள் தலைக்கு இவ்வளவு தந்திருக்கிறார்கள், சிலர் வீட்டில் அதற்குக் கடன்கூட வாங்கியிருப்பார்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டோம்" என்ற ஒரு வாக்கியம் எத்தனையோ பேரை ஆபத்துக்குள் தள்ளியிருக்கிறது. ஆகவே ரத்தானால் எவ்வளவு பணம் போகும், அதை யார் ஏற்பார் என்பதைத் துறைத் தலைவரிடம் இப்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மாற்றுத் திட்டம் ஒன்றும் தயாராக வையுங்கள். நடை ரத்தானால் ஜார்ஜ்டவுனில் பார்க்கவும் படிக்கவும் ஒரு நாளுக்கு மேல் இருக்கிறது. மாற்று இருந்தால் ரத்து செய்வது மனதுக்கு எளிது. இரண்டு விரிவுரையாளர்களில் ஒருவர் வேண்டாம் என்றாலே நிறுத்திவிடலாம் என்றும் எழுதுங்கள். அவர் இளையவராக இருந்தாலும் சரி, காரணத்தை நிரூபிக்க முடியாவிட்டாலும் சரி.

இரண்டு பேர் போதுமா என்றால், போதாது. பல்கலைக்கழகத்துக்கு இத்தனை மாணவருக்கு இத்தனை பேர் என்ற சட்டக் கணக்கைத் தேட வேண்டாம், ஒரு விபத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள். பாதையில் ஒருவர் கணுக்கால் முறிகிறது. நீங்கள் அவரோடு படகில் போய், பிறகு மருத்துவமனையில் இரவு வரை இருக்கிறீர்கள். மற்ற விரிவுரையாளர் தனியாக 37 பேரைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவந்து, சாப்பிட வைத்து, கோலாலம்பூர் வரை கூட்டி வர வேண்டும். மூன்றாவதாக ஒருவர் வேண்டும், அவர் முதலுதவிப் பயிற்சி உள்ளவராக இருந்தால் நல்லது. ஆண், பெண் இருபாலரும் ஊழியர்களில் இருக்க வேண்டும். மாணவர்களை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, குழுத் தலைவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண்ணிச் சொல்லட்டும். மாலை எத்தனை மணியோடு அதிகாரபூர்வ நிகழ்ச்சி முடிகிறது, அதன் பிறகு கர்னி கடற்கரைக்குப் போவது அவரவர் சொந்தப் பொறுப்பு என்பதையும் நிகழ்ச்சி நிரலில் எழுதுங்கள். 17 வயது இருவருக்கு மட்டும் அந்தச் சுதந்திரம் தர முடியாது.

உடல்நல விவரம் வாங்கும்போது மாணவர்கள் மறைப்பார்கள், சொன்னால் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். ஆஸ்துமா, வலிப்பு, நீரிழிவு, ஒவ்வாமை எதுவாக இருந்தாலும் அழைத்துப் போகத்தான் கேட்கிறோம் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். இன்ஹேலர் பஸ்ஸில் உள்ள பெட்டியில் இருந்தால் பயனில்லை, இடுப்புப் பையில் இருக்க வேண்டும். யாராவது விரதத்தில் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ரமலான் நோன்போ, கந்தசஷ்டி விரதமோ, தைப்பூசத்துக்கு முந்தைய விரதமோ, வெயிலில் மலையேறும் நாளில் அது முக்கியமான தகவல். 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உடல்நல விவரம் கூடுதல் பாதுகாப்புத் தேவைப்படும் அந்தரங்கத் தகவல், வெளிப்படையான ஒப்புதல் வேண்டும். பெயரோடு வாட்சப் குழுவில் போட்டுவிடாதீர்கள். ஊழியர் மூன்று பேரிடம் மட்டும் இருக்கட்டும்.

காப்புறுதி விஷயத்தில் "மாணவர்களுக்கு இருக்கிறது" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். பாலிசியை வாங்கிப் படியுங்கள். வளாகத்துக்கு வெளியே செல்லுமா, இரவு தங்கலுக்கும் உண்டா, படகும் காட்டு நடையும் விலக்கப்பட்டிருக்கின்றனவா, மருத்துவச் செலவுக்கு வரம்பு எவ்வளவு? உங்களுக்கு சொக்சோ என்ற ஊழியர் சமூகப் பாதுகாப்பு உண்டு, மாணவர்களுக்கு அது கிடையாது. வெளிநாட்டு மாணவர் இருந்தால் அரசு மருத்துவமனையிலும் அவருக்குக் கட்டணம் அதிகம் என்பதால் வரம்பு இன்னும் முக்கியம். ஓய்வு நாள் என்று யாராவது தம்பியையோ தோழியையோ கூட்டி வந்தால் அவர்களுக்கு எதுவுமே இல்லை, ஏற்றாதீர்கள்.

நடக்கக் கூடாதது நடந்துவிட்டால் முதலில் உயிர், பிறகு மற்றவர்களை ஆபத்திலிருந்து விலக்குவது, பிறகு எண்ணிப் பார்ப்பது. அதன் பின் குடும்பத்துக்குத் தகவல். வாட்சப்பில் படம் பரவுவதற்கு முன்னால் உங்கள் குரல் அம்மா அப்பாவிடம் போய்ச் சேர வேண்டும். தமிழ் மட்டுமே பேசும் பெற்றோர் இருப்பார்கள். அலுவலகத்திலிருந்து யாரோ மலாயிலோ ஆங்கிலத்திலோ வாசித்துவிட்டு வைத்துவிடக் கூடாது. கோலாலம்பூரில் தமிழ் தெரிந்த ஒருவர் பெற்றோரின் எண்களோடு தயாராக இருக்க வேண்டும், பேரைப் புறப்படும் முன்பே முடிவு செய்யுங்கள். வழக்குக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ளச் சொல்லும் ஆலோசனையை நான் ஏற்பதில்லை. தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததை ஊகிக்காதீர்கள், யார் தவறு என்று பேசாதீர்கள். ஆனால் மருத்துவமனைக்குப் போய் அந்தக் குடும்பத்தோடு உட்காருங்கள். சாலை விபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் தர வேண்டும். அன்றிரவே, நினைவு கலங்கும் முன், நேரம் போட்டு நடந்ததை எழுதி வையுங்கள்.

பத்திரமாகத் திரும்பிய பிறகும் ஒரு மாதம் கவனம் தேவை. எலி சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் பொதுவாக 5 முதல் 14 நாளில் தெரியும், சில நேரம் ஒரு மாதம்கூட ஆகும். 2010இல் பகாங்கின் லுபுக் யூவில், நீரில் மூழ்கியவரைத் தேடப் போன மீட்பாளர்களில் சிலர் இந்த நோயும், மண்ணிலும் நீரிலும் உள்ள பாக்டீரியாவால் வரும் மெலியோய்டோசிஸும் தாக்கி இறந்தார்கள். ஆற்றில் இறங்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மாணவர்களுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் கிளினிக்குக்குப் போய், எந்தத் தேதியில் எந்தக் காட்டில் இருந்தோம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் பனடோலோடு திரும்பி வருபவர்கள்தான் அதிகம்.

கடைசியாக, சொந்தக் கார். அனுமதிக்காதீர்கள். நம் நாட்டில் கார் காப்புறுதியில் உடன் பயணிப்பவர்களுக்கான சட்டப் பொறுப்புப் பாதுகாப்பு தானாக வருவதில்லை, தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். மாணவர்களில் பெரும்பாலானோர் சேர்த்திருக்க மாட்டார்கள், கார் அப்பா பெயரில் இருக்கும். நண்பர்களிடம் பெட்ரோலுக்கு மேல் தலைக்கு இவ்வளவு என்று வாங்கினால் வாடகைக்கு ஓட்டியதாகவும் ஆகிவிடும். பஸ்ஸில் இடம் போதவில்லை என்றால் முறையான உரிமமுள்ள வேன் ஒன்றைக் கூடுதலாக எடுங்கள். யாராவது கட்டாயம் தனியாகத்தான் வருவேன் என்றால், நிகழ்ச்சி பூஜாங் அருங்காட்சியக வாசலில் தொடங்குகிறது, அதுவரையான பயணம் அவருடையது, வேறு மாணவரை ஏற்றி வரக் கூடாது என்று எழுத்தில் கொடுத்து, அவர் வீட்டுக்கும் தெரிவித்துவிடுங்கள்.